உங்கள் குழலுக்கு எந்த ஈயக் குண்டு? 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறவர்களுக்கு

ரிவால்வர் தோட்டாவைத் தாங்களே நிரப்பிச் சுடுகிறவர்கள் அமெரிக்காவில் ஏராளம். ஈயத் தலைக்கு எத்தனை கிரெயின் (மருந்தையும் குண்டையும் நிறுக்கும் சிறு எடை அளவு) வெடிமருந்து போடுவது என்பதுதான் அவர்கள் ஓயாமல் பேசும் விஷயம். சிங்கப்பூரில் கிளப்பில் சுடுகிறவருக்கு அந்த வேலையே இல்லை. உரிமம் இல்லாமல் இங்கே யாரும் வெடிமருந்தை அளக்கவும் முடியாது, தோட்டா செய்யவும் முடியாது. ஆனாலும் அந்தக் கேள்வியின் அடியில் இருப்பது நமக்கும் உரியதுதான். மென்மையான ஈயத்தை எவ்வளவு வேகத்தில் தள்ளினால் அது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் போய் விழும்? 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் மருந்துக்குப் பதில் அழுத்தக் காற்று, தோட்டாவுக்குப் பதில் 4.5 மி.மீ. பெல்லட் என்ற சிறிய ஈயக் குண்டு. கணக்கு அதே கணக்கு.

பள்ளியில் துப்பாக்கி சுடுதலை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்த பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிவரும் அம்மா அப்பாக்களும் ரேஞ்சில், அதாவது சுடுதளத்தில், கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்தக் குண்டு நல்ல குண்டு?" அந்தக் கேள்விக்கு நேரடியான பதில் கிடையாது. உங்கள் பிஸ்டலின் குழலுக்கு எது ஒத்துப்போகிறது என்று கேட்டால் பதில் உண்டு. அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவோம். ஏர் பிஸ்டல்தானே, விளையாட்டுச் சாமான் மாதிரிதானே என்று இங்கே நினைத்துவிடக் கூடாது. சிங்கப்பூர்ச் சட்டத்தின் பார்வையில் அதுவும் துப்பாக்கிதான். உரிமம் வேண்டும், பிஸ்டல் கிளப்பின் ஆயுத அறையில்தான் இருக்கும், வீட்டு அலமாரியில் இருக்காது. குண்டு டப்பாவையும் கிளப் வழியாக வாங்குவதுதான் முறை. வெளிநாட்டு இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆர்டர் போட்டு வீட்டுக்கு வரவழைக்காதீர்கள். கீழே சொல்லும் சோதனைகளையெல்லாம் ரேஞ்சில், ரேஞ்ச் அதிகாரியிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் கொடுக்கும் தடத்தில் மட்டும் செய்ய வேண்டும்.

இனி குண்டுக்கு வருவோம்.

ஒரு பெல்லட்டை எடுத்து, கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் வழியே பாருங்கள். முன்பக்கம் தட்டையான தலை. நடுவில் இடுப்பு போல ஒடுக்கம். பின்பக்கம் உள்ளே குழிவான பாவாடை. தலை தட்டையாக இருப்பது தாளில் வட்டமாக, சுத்தமாகத் துளை போடுவதற்காக. உருண்டைத் தலைக் குண்டு தாளைக் கிழித்துக்கொண்டு போகும்; துளையின் விளிம்பு எங்கே என்று தெரியாது; அது கோட்டைத் தொட்டதா இல்லையா என்று வாக்குவாதம் வரும். தலை, குழலுக்குள் இருக்கும் சுருள் பள்ளங்களின் மேட்டில் சவாரி செய்கிறது. பாவாடையின் மெல்லிய விளிம்பு காற்றின் தள்ளலில் விரிந்து, பள்ளங்களில் கடித்துக்கொண்டு, காற்று முன்னால் ஒழுகாமல் அடைக்கிறது. ஆகவே இரண்டு அளவு முக்கியம்: தலையின் விட்டம், பாவாடையின் வட்டம். எடை இவற்றுக்கு அடுத்துத்தான் வரும்.

டப்பாவின் மேல் 4.49, 4.50, 4.51 என்று அச்சிட்டிருப்பது தலையின் விட்டம். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்ன செய்துவிடும் என்று தோன்றும். தலை சிறியதாக இருந்தால் குண்டு குழலுக்குள் லேசாகச் சாய்ந்து போகும், வெளியே வரும்போது தலையாட்டிக்கொண்டு வரும். பெரியதாக இருந்தால் ஈயம் சுரண்டப்பட்டு, குழலின் தொடக்கத்தில் படிந்து, இருநூறு முந்நூறு ஷாட்டுக்குப் பிறகு குரூப், அதாவது தாளில் துளைகள் சேர்ந்து விழும் கூட்டம், மெல்ல விரியும். எந்த அளவு சரி என்பதை டப்பாவைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே தொழிற்சாலையிலிருந்து ஒரே மாடலாக வந்த இரண்டு பிஸ்டல்கூட வேறு வேறு அளவைக் கேட்கும்.

எடையைப் பொறுத்தவரை கடையில் இரண்டு வகை கிடைக்கும். பிஸ்டலுக்கு என்று விற்பது ஏறக்குறைய 7.0 கிரெயின், அதாவது 0.45 கிராம். ரைஃபிளுக்கு என்று விற்பது 8.2 கிரெயின், 0.53 கிராம். பிஸ்டல் சுடுகிறவர் பிஸ்டல் குண்டைத்தான் வாங்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. சில பிஸ்டல்களில் கனமான குண்டு இன்னும் இறுக்கமாகச் சேர்வதுண்டு. இரண்டையும் சோதித்துப் பார்ப்பதில் நட்டம் ஒன்றுமில்லை. ஈயம் கலக்காத, வெள்ளீயத்தில் செய்த குண்டுகள் இதைவிட லேசானவை, கெட்டியானவை. வேகம் கூடும், பள்ளங்களில் கடிப்பது குறையும். போட்டிக்காகச் சுடுகிறவருக்கு இன்றைய நிலையில் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டோம்.

வேகத்தைப் பற்றித்தான் அதிகத் தவறான எண்ணம் இருக்கிறது. வேகம் கூடினால் குறி கூடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. போட்டிக்கான ஏர் பிஸ்டல் ஏறக்குறைய நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் தள்ளும்; 0.45 கிராம் குண்டுக்கு அது 5 ஜூல் ஆற்றல். காற்றின் இழுவையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் 10 மீட்டரைக் கடக்க 67 மில்லிநொடி, அதற்குள் குண்டு 22 மி.மீ. கீழே இறங்கும். அந்த 22 மி.மீ. ஒரு பிரச்சினையே இல்லை. பின்குறியை (குறி பார்க்கும் பின்பக்கப் பாகத்தை) திருப்பினால் சரியாகிவிடும். பிரச்சினை எங்கே வருகிறதென்றால், அடுத்த ஷாட் 145 மீட்டரில் போனால். அப்போது 23.3 மி.மீ. இறங்கும். 140 ஆனால் 25. நொடிக்கு 5 மீட்டர் குறைந்ததற்கே ஒன்றரை மி.மீ. கீழே போய்விட்டது, சுட்டவர் கையில் எந்தத் தவறும் இல்லாமல். ஆகவே 150-ஐ 155 ஆக்குவதில் ஆதாயம் இல்லை. 146 என்றால் 146, ஆனால் அறுபது ஷாட்டும் 146-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். ரிவால்வரில் மிதமான மருந்து போட்ட ஈயத் தோட்டா பலமான மருந்தைவிட நன்றாகச் சேர்வது வழக்கம் என்று அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்வதும் இதே காரியம்தான். ஈயம் மென்மையானது. அதை அடித்துத் துரத்தினால் குழலில் அப்பிக்கொள்ளும்.

கனமான குண்டுக்கு மாறினால் என்ன ஆகும் என்பதையும் இதே கணக்கில் பாருங்கள். பிஸ்டல் தருவது அதே 5 ஜூல் என்று வைத்துக்கொண்டால், 0.53 கிராம் குண்டு 138 மீட்டர் வேகத்தில்தான் போகும். இறக்கம் 26 மி.மீ. பக்கம் வரும். அதாவது முன்பைவிட 4 மி.மீ. தாழ. பின்குறியில் எத்தனை கிளிக் திருப்ப வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள். "புதுக் குண்டு கீழே அடிக்கிறது, நல்லதில்லை" என்று டப்பாவை ஓரம் கட்டுகிறவர்கள் உண்டு. எங்கே அடிக்கிறது என்பது ஒரு பொருட்டே இல்லை. எவ்வளவு நெருக்கமாக அடிக்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

குண்டை மாற்றும் முன் பிஸ்டலின் வேகம் நிலையாக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் குண்டைச் சோதிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ரெகுலேட்டரை, அதாவது ஒவ்வொரு ஷாட்டுக்கும் காற்றை ஒரே அழுத்தத்தில் விடும் பாகத்தை, சோதித்துக்கொண்டிருப்போம். கிளப்பில் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இருந்தால் கேட்டு வாங்குங்கள். பத்து ஷாட் சுட்டு, அதிக வேகத்துக்கும் குறைந்த வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 3 மீட்டருக்குள் இருந்தால் நல்ல பிஸ்டல், நல்ல குண்டு. 7, 8 என்று போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது குண்டை அல்ல.

இங்கே ஒரு சோதனை எல்லாருக்கும் உதவும். ஐந்து ஷாட் சுடுங்கள், பத்து நிமிடம் பிஸ்டலைச் சும்மா வையுங்கள், பிறகு மறுபடி ஐந்து சுடுங்கள். இடைவெளிக்குப் பிறகு வரும் முதல் ஷாட் மற்ற நான்கைவிடத் தெளிவாக வேகமாக இருந்தால் ரெகுலேட்டர் மெதுவாகக் கசிகிறது. காற்றுச் சிலிண்டரின் உயர் அழுத்தம் சிறிது சிறிதாக உள் அறைக்குள் ஊறி, அறையின் அழுத்தம் ஏறிவிட்டது. போட்டியில் யோசித்து யோசித்து, பிஸ்டலைத் தூக்கி இறக்கிச் சுடுகிறவருக்கு இது பெரிய கேடு. வேகமாகச் சுடும்போது ஒரு இடம், நிதானித்துச் சுடும்போது அதற்கு மேல் ஒரு இடம். சுடுகிறவர் தன் மணிக்கட்டைத்தான் குறை சொல்வார். ரெகுலேட்டரின் ரப்பர் வளையங்களை மாற்ற வேண்டும், அதற்குரிய ஆளிடம் கொடுத்துத்தான். அழுத்தக் காற்றுப் பாகங்களுக்குள் சாதாரண இயந்திர எண்ணெயை ஒருபோதும் விடாதீர்கள். உயர் அழுத்தக் காற்றும் பெட்ரோலிய எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து. தயாரிப்பாளர் சொல்லும் சிலிக்கோன் கிரீஸ் மட்டும் போதும்.

சிலிண்டருக்கும் இதில் பங்கு உண்டு. 200 பார் (காற்றழுத்தத்தின் அளவு) வரை நிரப்புவது வழக்கம். சட்டென்று நிரப்பினால் உள்ளே சூடேறும். சூட்டில் மீட்டர் 200 காட்டும், குளிர்ந்ததும் 185 பக்கம் இறங்கி நிற்கும். மெதுவாக, ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்து நிரப்புங்கள். மறுமுனையில், அழுத்தம் ரெகுலேட்டரின் அளவைத் தொடும்போது வேகம் சரியத் தொடங்கும். எத்தனை பாரில் என்பது மாடலைப் பொறுத்தது, ஆனால் 100 பாரில் சிலிண்டரை மாற்றிவிடும் பழக்கம் இருந்தால் அந்தச் சரிவை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். குண்டுச் சோதனையை 180-க்கும் 120-க்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரின் காற்று ஈரம் மிகுந்தது. சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். அந்தக் காற்றை வடிகட்டி உலர்த்தாமல் கம்ப்ரசரில் அழுத்தினால் சிலிண்டருக்குள் தண்ணீர் சேரும். உள்ளே துரு, ரெகுலேட்டரில் பிசகு. கம்ப்ரசரின் வடிகட்டியைக் கடைசியாக மாற்றியது எப்போது என்று கிளப்பில் கேட்பதற்குத் தயங்காதீர்கள். சிலிண்டர் மேல் பொறித்திருக்கும் தேதியையும் பாருங்கள்: அலுமினிய, எஃகு சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கொடுக்கும் ஆயுள் 10 ஆண்டு. காலாவதியான சிலிண்டரோடு போட்டிக்குப் போனால் ஆயுதப் பரிசோதனை மேசையிலேயே திருப்பி அனுப்புவார்கள். வெயிலில் நிறுத்திய காரில் சிலிண்டரை விட்டுப் போகாதீர்கள். குளிரூட்டிய அறையின் 24 டிகிரியில் 200 பார் என்றால் 60 டிகிரியில் 224 ஆகும்.

இப்போது சோதனை. டப்பாவின் அடியிலோ பக்கத்திலோ ஒரு ஒட்டுத்தாளில் தயாரிப்பு எண் இருக்கும். அதுதான் பேட்ச். ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10 என்றாலும், எச்&என் ஃபினாலே மேட்ச் என்றாலும், ஜேஎஸ்பி என்றாலும், பெயர் ஒன்றே, பேட்ச் வேறு வேறு. அச்சு தேயத் தேயக் குண்டின் உருவம் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். அச்சை மாற்றியதும் மறுபடி மாறும். சென்ற வருடம் நன்றாகச் சேர்ந்த அதே பெயர் இந்த வருடம் சேராமல் போவது இதனால்தான். ஆகவே பெயரை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதாது, எண்ணை எழுதி வையுங்கள்.

முதலில் ஐந்தாறு பேட்ச்களில் பேட்சுக்கு ஒரு டப்பா. தனியாக வாங்கினால் கை கடிக்கும். கிளப்பில் ஆறு பேர் சேர்ந்து ஆளுக்கு ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொண்டால் தீர்ந்தது. ஒவ்வொன்றிலும் ஐம்பது அறுபது குண்டு போதும்.

பிஸ்டலைக் கையில் பிடித்துச் சோதிப்பது பயனில்லை. கைப்பிடியைக் கழற்றிவிட்டு, உடற்பகுதியை வைஸில், அதாவது மேசையில் பொருத்திய இறுக்கிக் கருவியில், பிடிக்க வேண்டும். தாடைகளுக்குள் தோலோ கெட்டி ரப்பரோ வைத்து, இறுக்கத்தை அளவோடு நிறுத்துங்கள். குழலைப் பிடிக்காதீர்கள், சிலிண்டரையும் பிடிக்காதீர்கள். குழலை இறுக்கினால் அது அதிரும் விதமே மாறிவிடும். வைஸ் பொருத்திய மேசை ஆடக் கூடாது. இது முக்கியம், ஏனென்றால் மடக்கு மேசையில் வைஸை மாட்டி, குண்டு சரியில்லை என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறோம். கட்டுமானம் நம்பகமானதா என்று தெரிய ஒரே பேட்சில் முதலில் பத்துப் பத்தாக மூன்று முறை சுடுங்கள். மூன்று குரூப்பும் ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே அளவில் விழுந்தால் மேலே போகலாம்.

குழலைச் சுத்தம் செய்த உடனே சோதனையைத் தொடங்கக் கூடாது. சுத்தமான எஃகில் முதல் இருபது முப்பது குண்டு அங்குமிங்கும் போகும். லேசாக ஈயப் பூச்சு ஏறிய பிறகுதான் குழல் அமைதியாகும். ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறும்போதும் கணக்கில் சேர்க்காமல் பத்து குண்டு சுட்டுவிட்டுத் தொடங்குங்கள், ஏனென்றால் ஒவ்வொரு தயாரிப்பாளரும் குண்டின் மேல் தடவும் மெல்லிய பூச்சு வேறு.

ஒவ்வொரு பேட்சுக்கும் பத்து ஷாட் கொண்ட குரூப் இரண்டு, அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல். எல்லாப் பேட்சையும் ஒரு சுற்று முடித்துவிட்டு, இரண்டாம் சுற்றை வரிசை மாற்றிச் சுடுங்கள். ஐந்து ஷாட் குரூப் போதாதா என்று கேட்பார்கள். ஐந்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம். சுமாரான பேட்ச்கூட ஒரு முறை அழகான ஐந்தைக் கொடுத்துவிடும், நாம் அதை நம்பி ஐயாயிரம் குண்டு வாங்கிவிடுவோம்.

தாளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பத்து குண்டும் சேர்ந்து ஒரே துளையாகியிருக்கும். நல்ல பேட்சில் அந்தத் துளை ஒரு சின்னச் சட்டைப் பொத்தான் அளவு, வட்டமாக, விளிம்பு வெட்டியது போல இருக்கும். வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை வெர்னியர் காலிப்பரில் அளந்தால் 6.5, 7 மி.மீ. வரும். குண்டின் விட்டமே 4.5 என்பதைக் கழித்தால் மையங்களின் பரவல் இரண்டு, இரண்டரைதான். சுமாரான பேட்சில் துளை பூசணி விதை போல ஒரு பக்கம் நீண்டிருக்கும். மேலும் கீழுமாக நீண்டால் வேகம் மாறுகிறது என்று பொருள். குரோனோகிராஃப் எண்களோடு ஒப்பிடுங்கள். பக்கவாட்டிலும் எல்லாத் திசையிலும் சிதறினால் தலையின் விட்டமோ பாவாடையோ ஒத்துப்போகவில்லை. ஒன்பது குண்டு ஒரே துளையில் இருந்து, பத்தாவது மட்டும் தனியாக 5 மி.மீ. தள்ளி இருந்தால், அந்தப் பேட்சில் நசுங்கிய குண்டுகள் கலந்திருக்கின்றன. எங்கள் கணிப்பில் இந்த மூன்றாவது வகைதான் மிக மோசம். எப்போது வரும் என்று தெரியாததை எந்தக் குறியாலும் சரிசெய்ய முடியாது.

அளந்ததையெல்லாம் எழுதுங்கள்: தேதி, பேட்ச் எண், தலை விட்டம், சிலிண்டர் அழுத்தம், வேகம், இரண்டு குரூப்பின் அளவு. தாளையே வெட்டி நோட்டில் ஒட்டி வைப்பது இன்னும் நல்லது. இன்னொரு நாள் முதல் இரண்டு இடம் பிடித்த பேட்ச்களை மட்டும் மறுபடி சோதியுங்கள். இரண்டு நாளும் முன்னால் நின்றதை வாங்குங்கள். எவ்வளவு? வாரம் மூன்று பயிற்சி, பயிற்சிக்கு நூறு ஷாட் என்றால் வருடத்துக்கு 15,000. 500 குண்டு டப்பாவில் 30. போட்டிகளுக்கும் அதற்கு முந்தைய வாரங்களுக்கும் மட்டும் சோதித்த பேட்சை வைத்துக்கொண்டால் 5,000, அதாவது பத்து டப்பா ஒரு வருடத்துக்குப் போதும். மற்ற நாளில் அதே எடையில் மலிவான குண்டு சுடலாம்.

இவ்வளவும் எழுதிய பிறகு இதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது: இந்தச் சோதனை எல்லாருக்கும் வேண்டியதில்லை. பிஸ்டல் இலக்கில் பத்து வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. குண்டின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே பத்து கிடைக்கும் என்பதால், குண்டின் மையம் இலக்கின் நடுவிலிருந்து 8 மி.மீ.க்குள் இருந்தால் போதும். கையின் பரவலும் குண்டின் பரவலும் அப்படியே கூடுவதில்லை. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். கையின் பரவல் 40 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மி.மீ. பரவும் அருமையான குண்டோடு மொத்தம் 40.1. அதைவிட இரண்டு மடங்கு பரவும் சாதாரணக் குண்டோடு 40.4. கண்ணுக்கே தெரியாத வித்தியாசம். கையின் பரவல் 20-க்கு இறங்கிவிட்டால் அதே இரண்டு குண்டும் 20.2, 20.9 என்று பிரியும். அப்போது அறுபது ஷாட்டில் கோட்டை ஒட்டி விழும் ஒன்றிரண்டு பத்தாகவோ ஒன்பதாகவோ மாறும், அந்த ஒரு புள்ளிதான் இறுதிச் சுற்றுக்குப் போவதா வீட்டுக்குப் போவதா என்று முடிவு செய்யும். ஆகவே 600-க்கு 540-ஐத் தாண்டாத பிள்ளைக்கு விலையுயர்ந்த பேட்ச் தேடி அலைய வேண்டாம். ஒழுங்கான தயாரிப்பில் ஒரு வகையை எடுத்து அதிலேயே இருக்கட்டும். பணத்தை ரேஞ்ச் நேரத்துக்குக் கொடுங்கள், விசையை அழுத்தும் பயிற்சிக்குக் கொடுங்கள்.

குண்டுகளை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பிரிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. மில்லிகிராம் தராசு கைவசம் இருந்தால் ஒரு டப்பாவில் முப்பது குண்டை நிறுத்துப் பாருங்கள். 5 மில்லிகிராமுக்கு மேல் விலகியவை நிறைய இருந்தால் அந்தப் பேட்ச் சரியில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அதற்கு மேல் ஐந்நூறையும் நிறுத்துக்கொண்டு உட்காருவது பிஸ்டலுக்கு வீண் வேலை. அந்த நேரத்தில் பாவாடைகளைப் பாருங்கள். போட்டிக்கு முன் எண்பது குண்டை லென்ஸில் பார்க்கப் பத்து நிமிடம் போதும். பாவாடை முட்டை வடிவமாக இருந்தாலோ, விளிம்பில் ஈயச் சிம்பு ஒட்டியிருந்தாலோ தூக்கிப் போடுங்கள்.

பாவாடை நசுங்குவது பெரும்பாலும் தொழிற்சாலையில் நடப்பதில்லை, நம் பையில்தான் நடக்கிறது. பாதி காலியான டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு எம்.ஆர்.டி. ரயிலில் போய்வந்தால் குண்டுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே வரும். காலி இடத்தில் மெல்லிய ஸ்பாஞ்ச் ஒன்றை வெட்டி வைத்து மூடுங்கள். சுடும் மேசையில் டப்பாவிலிருந்து கைவிட்டு அள்ளாமல், பத்துப் பத்தாகக் குழி உள்ள தட்டில் எடுத்து வையுங்கள். எத்தனை சுட்டோம் என்ற கணக்கும் தானே வந்துவிடும். கீழே விழுந்த குண்டை எடுத்து ஊதிவிட்டுப் போடாதீர்கள், அது போனது போனதுதான்.

நம் ஊர் ஈரத்தில் ஈயம் மங்கும். சாம்பல் நிறமாக மங்குவது பரவாயில்லை. வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்தால் அந்த டப்பா போட்டிக்கு உதவாது. அந்தப் பொடி ஈய உப்பு, தொடவும் கூடாது. மரப் பெட்டியில் குண்டை வைக்காதீர்கள். சில மரங்களிலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. குளிரூட்டிய இடத்திலிருந்து எடுத்த டப்பாவை வெளி வெக்கையில் உடனே திறந்தால் குண்டின் மேல் வியர்த்துவிடும். வெளியின் சூட்டுக்கு அது வரும்வரை அரை மணி நேரம் மூடியே இருக்கட்டும்.

குழலைச் சுத்தம் செய்வதில் அதிகம் செய்வதும் தவறு, செய்யாமலே விடுவதும் தவறு. 500 முதல் 1,000 ஷாட்டுக்கு ஒரு முறை, குண்டு போடும் பக்கத்திலிருந்து கம்பளி ஃபெல்ட்டை இழுத்தால் போதும். குழலின் முன்வாய்ப் பக்கத்திலிருந்து எஃகுக் கம்பியோ பிரஷோ விடாதீர்கள். குண்டு கடைசியாகத் தொட்டுச் செல்லும் இடம் அதுதான், அங்கே ஒரு கீறல் விழுந்தால் எந்தப் பேட்சும் அதை ஈடுசெய்யாது. குரூப் தானாக விரியத் தொடங்கினால் பேட்சை மாற்றும் முன் குழலைச் சுத்தம் செய்து பாருங்கள். பத்தில் பல முறை அங்கேயே தீர்ந்துவிடும்.

கடைசியாக, கை. ஈயம் விஷம். அது தோல் வழியாக அவ்வளவாகப் போவதில்லை, வாய் வழியாகத்தான் போகிறது. நாமோ கையால் சாப்பிடுகிறவர்கள். பயிற்சி முடிந்து தேக்காவில் இறங்கி நேராகப் பரோட்டாவில் கை வைக்கும் பிள்ளைக்கு, விரல் இடுக்கில் இருக்கும் சாம்பல் நிறப் பொடியும் சேர்ந்து உள்ளே போகிறது. வளரும் பிள்ளைகளின் உடல் பெரியவர்களுடையதைவிட ஈயத்தை அதிகம் உறிஞ்சும். ஆல்கஹால் ஜெல் கிருமியைக் கொல்லும், ஈயத்தை அகற்றாது. சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில், நகக்கண் வரை தேய்த்துக் கழுவ வேண்டும். சுடும் மேசையில் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து வைக்காதீர்கள், குண்டை உதட்டில் கவ்விக்கொள்ளாதீர்கள். மேசையைத் துடைக்க ஈரத் துணி. துடைப்பத்தால் பெருக்கினால் பொடி காற்றில் எழும். இலக்குப் பெட்டியின் பின்னால் சேரும் நசுங்கிய ஈயத்தை அள்ளும் வேலையைக் கர்ப்பமாக இருப்பவர்களிடமும் பிள்ளைகளிடமும் கொடுக்கக் கூடாது. ரேஞ்சுக்குப் போட்டுப்போகும் சட்டையையும் வியர்வை துடைக்கும் துண்டையும் தனிப் பையில் போட்டு, வீட்டில் மற்றத் துணிகளோடு சேர்க்காமல் துவையுங்கள்.